இருந்தும் கட்டப்படாத கயிறு



சுவிட்சர்லாந்தும் இத்தாலியும் சந்திக்கும் எல்லையில் 4478 மீட்டர் உயர்ந்து நிற்கிறது மேட்டர்ஹார்ன் மலை. 1865ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் எட்வர்ட் விம்ப்பர் என்னும் ஆங்கிலேயரும் உடன் சென்ற அறுவரும் முதன்முதலாக அதன் உச்சியை அடைந்தனர். இறங்கும்போது, மலையேற்றத்தில் பழக்கம் குறைந்த இளைஞர் ஒருவர் கால் வழுக்கி விழுந்தார். ஒரே கயிற்றில் பிணைக்கப்பட்டிருந்தமையால் மேலும் மூவர் அவரோடு இழுக்கப்பட்டனர். கயிறு நடுவில் அறுந்தது. நால்வர் மாண்டனர், மூவர் எஞ்சினர்.

அறுந்த அந்தக் கயிறு, அவர்கள் கொண்டு சென்றவற்றுள் மிக நலிந்தது. அதனினும் உறுதியான கயிறு பயன்படாமல் அவர்களிடமே இருந்தது என்று விம்ப்பரே எழுதி வைத்திருக்கிறார். உறுதியான கயிற்றைக் கட்டியிருந்தால் எழுவரும் பிழைத்திருப்பரா, அன்றி எழுவரும் மாண்டிருப்பரா என்பதை இறைவன் ஒருவனே அறிவான். ஆயினும் ஓர் உண்மை நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஒரு பொருள் நம்மிடம் இருப்பது வேறு. வேண்டிய வேளையில், வேண்டிய இடத்தில் அது பயன்படுவது வேறு. ஆயத்தம் என்பது இரண்டாவதே அன்றி முதலாவது அன்று.

இன்றும் ஆண்டுதோறும் பலர் வழிகாட்டியின் துணையோடு இம்மலையில் ஏறுகின்றனர். ஸெர்மாட் ஊரிலிருந்து கம்பிவட ஊர்தியில் ஷ்வார்ஸே வரை சென்று, அங்கிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நடந்தால், 3260 மீட்டர் உயரத்தில் ஹோர்ன்லி விடுதி வருகிறது. இரவை அங்கே கழித்து, விடியுமுன் இருளிலேயே புறப்பட வேண்டும். அங்கிருந்து உச்சிக்கு இன்னும் 1200 மீட்டருக்கு மேல் ஏற்றம் உண்டு. ஏறுவதற்கு நான்கைந்து மணி நேரம். இறங்குவதற்கும் அதே அளவு நேரம். ஒரு வழிகாட்டிக்கு ஒருவரே துணை.

"பணம் கொடுத்து வழிகாட்டியை அமர்த்திவிட்டோம், இனி நமக்கென்ன கவலை?" என்று எண்ணுவோர் உளர். இவ்வெண்ணம் முற்றிலும் தவறானது என்பதே நம் கருத்து. வழிகாட்டி பாதையை அறிவார். நம் கால்களுக்காக அவர் நடக்க முடியாது. மாதக்கணக்கில் மேடுகளில் ஏறி இறங்கி உடலைப் பழக்குவதும், மெல்லிய காற்றுக்கு உடல் இணங்கும் வண்ணம் சில நாட்கள் முன்னரே உயரமான இடங்களில் தங்குவதும் நம் பொறுப்பு. ரிஃபெல்ஹார்ன் பாறையிலோ ப்ரைட்ஹார்ன் சிகரத்திலோ முதலில் நம்மை ஏற்றிப் பார்த்துத் தகுதியை அறிவது வழிகாட்டிகளின் வழக்கம். அங்கே இல்லாத திறமையை இருப்பதாகக் காட்டிக் கொள்பவன், தன் உயிரோடு தன்னோடு பிணைக்கப்பட்டவரின் உயிரையும் பணயம் வைக்கிறான். 1865இல் ஒருவரின் சறுக்கல் மூவரை இழுத்துச் சென்றதை மறக்கலாகாது.

இனி, மூட்டை கட்டுவதைப் பார்ப்போம். அச்சத்தால் எல்லாவற்றையும் அள்ளித் திணிப்பவரும் உளர். அலட்சியத்தால் எதையும் எடுக்காதவரும் உளர். இரண்டும் ஆபத்தே. சுமை கூடினால் நடை தளரும். நடை தளர்ந்தால் பொழுது ஏறும். பொழுது ஏறினால் வெயிலில் பனி இளகிப் பாறைகள் உருளும். வெப்பம் மிகுந்த 2003ஆம் ஆண்டு ஜூலையில் இம்முகட்டிலேயே பாறை சரிந்து, ஏறிக் கொண்டிருந்தோரை ஹெலிகாப்டரில் மீட்க நேர்ந்தது.

ஆகவே ஒரு சிறிய முதுகுப்பை போதும். தலைக்கவசம், இடுப்பில் பூட்டும் வார், நெற்றி விளக்கு, காற்றைத் தடுக்கும் மேலங்கி, மெல்லிய கம்பளிச் சட்டை, இரண்டு இணை கையுறைகள், கறுப்புக் கண்ணாடி, ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர் தண்ணீர், நடந்துகொண்டே உண்ணத்தக்க பேரீச்சம்பழமும் பருப்பு வகைகளும் ஆகியவை இன்றியமையாதன. விடுதியில் போர்வை கிடைக்கும். உறங்குவதற்கான துணியுறையை நாமே கொண்டு செல்ல வேண்டும். காலணியின் அடியில் பூட்டும் இரும்பு முட்களை வீட்டிலேயே பலமுறை பூட்டிப் பார்க்க வேண்டும். புதிய காலணியை மலையில் முதன்முதலாக அணிவது அறிவீனம். விளக்கின் மின்கலத்தை முன்னிரவில் சோதிக்க வேண்டும். பனிக்கோடரி வேண்டுமா, வேண்டாமா என்பதை வழிகாட்டியே முடிவு செய்யட்டும்.

தொழுகையாளிக்கு மற்றோர் ஆயத்தமும் உண்டு. கோடையில் புறப்படும் வேளையும் சுபுஹுத் தொழுகையின் வேளையும் நெருங்கி வருகின்றன. எங்கே, எப்போது தொழுவது என்பதை முதல்நாள் மாலையே வழிகாட்டியிடம் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். செங்குத்துப் பாறையில் கயிற்றில் நிற்கும்போது கேட்பது முறையன்று.

ஒட்டகத்தைக் கட்டுவதா, கட்டாமல் விட்டு இறைவனை நம்புவதா என்று கேட்டவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த விடையை அறியாத முஸ்லிம் இல்லம் இராது. கட்டுவதும் நம்பிக்கையின் ஒரு பகுதியே. ஆனால் கட்டியவன், "இனி என் கயிறே என்னைக் காக்கும்" என்று இறுமாப்புக் கொள்ளவும் கூடாது. இவ்வளவு ஆயத்தத்திற்குப் பின்னரும், உச்சி கண்ணெதிரே தெரியும்போது, வானிலையையோ நம் தளர்ச்சியையோ கண்டு வழிகாட்டி "திரும்புவோம்" என்று சொல்லலாம். செலவழித்த பணத்தையும் காத்திருந்த மாதங்களையும் எண்ணி அவரோடு வாதிடாமல், அப்பொழுதே திரும்பும் மனத்தையும் ஊரிலிருந்து புறப்படும்போதே கொண்டு செல்ல வேண்டும். மூட்டையில் எடையே இல்லாத பொருள் அது ஒன்றுதான். பலர் மறந்துவிட்டுப் போவதும் அதைத்தான்.

அறுந்த கயிற்றின் துண்டு ஸெர்மாட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. நேயர்களே, உங்களுள் மலையேறுவோர் மிகச் சிலராகவே இருக்கலாம். ஆயினும் பயணம் புறப்படாதவர் நம்மில் எவரும் இலர். உறுதியான கயிறு நம் வீட்டிலேயே பயன்படாமல் கிடக்கிறதா என்று புறப்படுமுன் ஒருமுறை பார்த்துக் கொள்வோமாக!