ஈய யானையும் தக்கோலத்துக் களமும்

கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஓர் ஈய யானையை இடது கையில் பிடித்துக்கொண்டு, அதன் பிடரியில் அமர்ந்திருக்கும் பாகனுடைய தலைப்பாகைக்கு, நுனியில் நாலைந்து மயிரே எஞ்சியிருந்த ஒரு தூரிகையினால் செவ்வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தார் என் நண்பர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பொம்மைப் படைகளைச் சேகரிக்கத் தொடங்கியதைக் கண்டு அவருடைய உறவினர் பலர் வருத்தப்பட்டது உண்டு. நானும் அதைக் குழந்தை விளையாட்டு என்றே சில காலம் எண்ணியிருந்தேன். ஆனால் இரண்டு வருஷங்களாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருடைய மேசைக்கு எதிர்ப்புறத்தில் நின்று, கையில் பகடையும் அளவுகோலுமாகப் பழைய யுத்தங்களை ஒவ்வொன்றாக நடத்திப் பார்த்தபின், போர்களைப் பற்றிய சரித்திரத்தைப் புத்தகத்தில் மட்டும் வாசிப்பது பாதி வாசிப்பே என்னும் அபிப்பிராயம் என் மனத்தில் உறுதிப்பட்டுவிட்டது. அதைத் தமிழ் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இதை மேல்நாட்டாருடைய விநோதம் என்று சொல்லி ஒதுக்கிவிட நம்மால் இயலாது. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைச் சேனையையும் ஒரு பலகையில் நிறுத்தி இருவர் ஆடுகின்ற சதுரங்கம், பாரதத்தில் பிறந்து, பாரசீகத்தையும் அரபு நாடுகளையும் கடந்து ஐரோப்பாவை அடைந்தது. 1780-ஆம் ஆண்டில் பிரன்ஸ்விக் நகரத்து ஆசிரியர் ஹெல்விக் என்பவர் அந்தப் பலகையின் கட்டங்களைப் பல மடங்காகப் பெருக்கி, மலைக்கு ஒரு நிறம், நீருக்கு ஒரு நிறம் என்று அவற்றுக்கு நிலத்தின் இயல்புகளைக் கொடுத்தார். ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய நாட்டு இளம் அதிகாரி, தம் தந்தை தொடங்கிய முயற்சியைத் தொடர்ந்து, கட்டங்கள் இல்லாமலே, அளவெடுத்து வரைந்த நிலப்படத்தின்மேல் படைகளை நகர்த்தும் முறையை 1824-இல் வெளியிட்டார். பிரஷ்ய சேனை அதைத் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சியாகவே ஏற்றுக்கொண்டது. நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு புத்தகத்தை எழுதி இதை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரத்தில் டோனி பாத் என்பவர் துப்பாக்கிக் காலத்தை விட்டுப் பின்னோக்கிச் சென்று, ரோமாபுரி, கிரீஸ், பாரசீகம் முதலிய பழைய தேசங்களின் படைகளைத் தம் மேசையில் நிறுத்தினார். 1965-இல் அவர் முயற்சியால் தோன்றிய 'சொசைட்டி ஆப் ஏன்ஷன்ட்ஸ்' என்னும் சங்கம் பண்டைக்கால, மத்தியகால யுத்தங்களுக்கென்றே இன்றளவும் பத்திரிகை நடத்திவருகிறது. பில் பார்க்கரும் அவர் தோழர்களும் 1969-இல் இயற்றிய விதிநூலும், 1990-இல் வெளிவந்த 'டி பெல்லிஸ் ஆன்டிகுயிட்டாட்டிஸ்' என்ற சிறு விதிநூலும் இந்தக் கலையை உலகமெங்கும் பரப்பின.

அந்தச் சிறு விதிநூலின் ஓர் ஏற்பாட்டை மட்டும் இங்கே விவரிக்க வேண்டும். நான் இதன்பால் ஈடுபட்டதற்கு அதுவே முதற்காரணம். ஒவ்வொரு தரப்புக்கும் 12 அணிகள். ஓரணி என்பது, 40 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் அட்டையில் ஒட்டப்பட்ட நாலு ஈட்டிக்காரர்களோ, மூன்று குதிரை வீரர்களோ, ஒற்றை யானையோ ஆகும். தன் முறை வரும்போது தளபதி ஒரு பகடையை உருட்டுகிறான். எந்த எண் விழுகிறதோ, அத்தனை கட்டளைகளைத்தான் அவன் அந்த முறையில் இட முடியும். அருகருகே ஒழுங்காக நிற்கும் அணிகளை ஒரே கட்டளையால் ஒருசேர நகர்த்தலாம். வரிசை குலைந்து சிதறிவிட்டாலோ ஒவ்வோர் அணிக்கும் ஒரு தனிக் கட்டளை வேண்டும். பகடையில் ஒன்று விழுந்து, இடப்பக்கம் உடைந்துகொண்டிருக்க வலப்பக்கம் வெற்றிக்குக் காத்திருக்க, இரண்டில் எதற்குச் சொல்வது என்று தெரியாமல் மேசையோரத்தில் நான் கைபிசைந்து நின்ற ஒரு மாலையில்தான், பழைய காலத்துச் சேனைகள் ஏன் வரிசையை உயிரினும் மேலாகப் பேணின என்பதும், முரசும் சங்கும் கொடியும் அலங்காரத்துக்காக ஏற்பட்டவை அல்ல, புழுதிக்கும் கூக்குரலுக்கும் நடுவே தலைவனுடைய சொல் போய்ச் சேர வேறு வழி இல்லாமையால் ஏற்பட்டவை என்பதும் எனக்கு விளங்கின.

இனி, புத்தகத்தில் பலமுறை வாசித்தும் எனக்குப் புலப்படாத ஒன்று மேசையில் எப்படிப் புலப்பட்டது என்பதைச் சொல்கிறேன். கி.மு. 326-இல் அலெக்சாந்தர் ஜீலம் நதியைக் கடந்து போரஸ் மன்னனோடு பொருத யுத்தம் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததே. அந்த யுத்தத்துக்கு நாலு நூற்றாண்டுகளுக்கும் மேற்பட்ட பிற்காலத்தில், களத்தில் இருந்தவர்கள் எழுதிவைத்த நூல்களை ஆதாரமாகக் கொண்டு சரித்திரம் எழுதிய அர்ரியன், போரஸிடம் 200 யானைகள் இருந்தன என்றும், அவற்றை அவன் ஒன்றுக்கொன்று 100 அடிக்குக் குறையாத இடைவெளி விட்டுப் படையின் முகப்பில் நிறுத்தினான் என்றும் கூறுகிறார். இரவு மழையிலும் இடியிலும் ஆற்றைக் கடந்து வந்த அலெக்சாந்தரோடு ஏறக்குறைய 6,000 காலாட்களும் 5,000 குதிரை வீரர்களும் இருந்தனர் என்பதும் அவர் தரும் கணக்கே. இவற்றை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். வாசித்தபோதெல்லாம் தலையை அசைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறேன்.

அன்று என் நண்பர் ஓர் அங்குலத்துக்கு 100 அடி என்று அளவு வகுத்துக்கொண்டு, யானைக்கு ஒன்றாகப் புளியங்கொட்டைகளை அங்குலத்துக்கு ஒன்று வைத்துக்கொண்டே போனார். ஆறடி மேசை 72 கொட்டைகளோடு முடிந்துவிட்டது. தரையில் இறங்கி மீண்டும் வைத்தோம். கூடத்தின் சுவரோரத்தில் தொடங்கிய வரிசை, ஊஞ்சலைக் கடந்து, நடையைக் கடந்து, சமையலறை வாசற்படியண்டை போய் நின்றது. நாடாவைப் பிடித்துப் பார்த்தபோது 16 அடி 8 அங்குலம். அலெக்சாந்தருடைய காலாட்களை எட்டு வரிசை ஆழத்தில், ஆளுக்கு மூன்றடி அகலம் கொடுத்து நிறுத்தினால், அவர்கள் கொண்ட இடம் 23 அங்குலத்துக்கும் குறைவு. குதிரைப் படையை இரு புறமும் சேர்த்துத் தாராளமாக இடம் விட்டபோதும், யானை வரிசையில் மூன்றில் ஒரு பங்கை அது எட்டவில்லை. நாங்கள் இருவரும் நடையின் நடுவில் மண்டியிட்டபடி வெகுநேரம் அந்தக் கொட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பார்க்கப் பார்க்கக் கேள்விகள் எழுந்தன. யானைகள் 200 தாமா? டயோடோரஸ் 130 என்கிறார். குர்ட்டியஸ் 85 என்கிறார். அந்த வேறுபாட்டை அடிக்குறிப்பில் கண்டபோது அலட்சியமாக விட்டுவிட்ட நான், இப்போது அந்தக் குறிப்புகளைத் தேடி எடுத்தேன். இடைவெளி 100 அடிதானா? பாலியேனஸ் 50 அடி என்கிறார். எண்களை எப்படிக் குறைத்தாலும் ஒன்று மட்டும் மாறவில்லை: அந்த நீண்ட முகப்பை அலெக்சாந்தர் முழுமையாக எதிர்கொண்டிருக்க முடியாது. ஆகவேதான் அவன் தன் காலாட்களைப் பின்னே நிறுத்திவைத்து, குதிரைப் படையின் பெரும் பகுதியைப் போரஸின் இடப்பக்கத்தின்மேல் ஏவி, வரிசை கலங்கும்வரை காத்திருந்தான். அர்ரியன் இதையும் எழுதித்தான் இருக்கிறார். அது ஒரு மாவீரனுடைய சாமர்த்தியம் என்று மட்டும் நான் கொண்டிருந்தேன். அவனுக்கு வேறு வழியே இருக்கவில்லை என்பதைக் கொட்டைகள் சொல்லின. மழையில் நனைந்த தரை வழுக்கியதால் பாரத வில்லாளிகளின் நெடிய விற்கள் பயன்படாமற்போனதும், தேர்கள் சேற்றில் அழுந்தியதும், நெருக்குண்ட யானைகள் தம்மவரையே மிதித்ததும், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் காரணங்களாக அன்று எனக்குத் தெரிந்தன.

பழைய நூல்களின் எண்களை நிலத்தோடு ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டும் என்பது ஜெர்மானியச் சரித்திராசிரியர் ஹான்ஸ் டெல்ப்ரூக் வற்புறுத்திய கொள்கை. கிரீஸின்மேல் படையெடுத்த பாரசீகச் சேனையில் பணியாளரையும் சேர்த்து ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர் இருந்தனர் என்ற ஹெரோடோட்டஸின் கணக்கை எடுத்துக்கொண்டு, அது உண்மையானால் முதல் வீரன் தெர்மாபிலிக் கணவாயை அடையும் நேரத்தில் கடைசி வீரன் டைக்ரிஸ் நதிக்கும் அப்பால்தான் இருந்திருப்பான் என்று அவர் காட்டினார். நம் காலத்தில் லண்டன் கிங்ஸ் காலேஜில் பேராசிரியராயிருந்த பிலிப் சாபின், 2007-இல் வெளியிட்ட 'லாஸ்ட் பேட்டில்ஸ்' என்ற நூலில், பண்டைய யுத்தங்கள் பலவற்றை ஒரே விதிமுறைக்கு உட்படுத்தி ஆடிப் பார்த்து, ஆசிரியர்களின் கூற்றுகளை எடைபோட்டிருக்கிறார். மேசை எதையும் நிரூபித்துவிடாது. விதியை வகுத்தவருடைய ஊகம் விளையாட்டுக்குள் எப்போதும் இருக்கும். ஆயினும் பகடையும் அளவுகோலும் அந்த ஊகத்தை மறைக்கவிடாமல் வெளியே இழுத்து வைத்துவிடுகின்றன. அழகாக எழுதப்பட்ட ஒரு வாக்கியத்துக்குள் அது எவ்வளவு காலம் வேண்டுமானாலும் ஒளிந்திருக்க முடியும்.

மனிதர் மடிந்த விஷயத்தை விளையாட்டாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது நியாயமான கேள்வி. வெல்ஸே தம் நூலின் முடிவில் அதற்கு முகங்கொடுத்திருக்கிறார்: சிறிய யுத்தத்தை ஆடிப் பார்த்தவனுக்கே பெரிய யுத்தம் எத்தனை பெரிய பிழை என்பது தெரியும் என்பது அவருடைய கருத்து, அடுத்த ஆண்டே ஐரோப்பா தீப்பற்றியது. என் அனுபவம் சிறியது, ஆனாலும் சொல்கிறேன். 1969-ஆம் ஆண்டின் விதிநூல் மரபில் ஒரு பொம்மை 20 வீரர்களுக்குச் சமானம். ஜீலம் யுத்தத்தில் போரஸின் காலாட்களில் 20,000 பேருக்குச் சற்றே குறைவானவர் மடிந்தனர் என்கிறார் அர்ரியன். அப்படியானால் மேசையிலிருந்து ஏறக்குறைய 1,000 பொம்மைகளை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். 1,000 பொம்மைகள் எங்களிடம் இல்லை. இருந்த 90 பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு முடித்தபோதே, '20,000' என்று அச்சிட்ட ஓர் எண்ணைக் கண் எத்தனை எளிதில் தாண்டிப் போகிறது என்பதை நினைத்து என் மனம் கனத்தது.

இவ்வளவும் சொன்னது நம் சரித்திரத்தைக் குறித்த ஒரு வேண்டுகோளுக்காகவே. பழைய போர்களைப் பற்றிப் பேசுவதில் நாம் எவருக்கும் குறைந்தவர் அல்லர். மேடைகளிலும் மலர்களிலும் வெற்றிகள் முழங்குகின்றன. ஆனால் அந்தப் போர்கள் எப்படி நடந்தன என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் மிகக் குறைவு. அரக்கோணத்துக்கு அருகேயுள்ள தக்கோலத்தில் கி.பி. 949-இல் நடந்த யுத்தத்தை எடுத்துக்கொள்ளலாம். பராந்தக சோழனின் மகன் இராஜாதித்தன் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு பொருது, யானைமேலேயே உயிர் துறந்தான்; யானைமேல் துஞ்சின தேவர் என்றே சோழ நாடு அவனை நினைவுகூர்ந்தது. லெய்டன் செப்பேடு எனவும் வழங்கும் ஆனைமங்கலச் செப்பேடு, யானைமீதிருந்த அவன் நெஞ்சைப் பகைவரின் கூரிய அம்பு பிளந்தது என்கிறது. கன்னட நாட்டு ஆதகூர்க் கல்வெட்டோ, கங்க மன்னன் பூதுகன் அம்பாரியையே போர்க்களமாக்கி அவனைக் கொன்றான் என்கிறது. அந்தக் கல்லில் இன்னொரு செய்தியும் உண்டு: பூதுகனுடைய வீரன் மணலேரன், போரில் காட்டிய தீரத்துக்குப் பரிசாகக் காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான், அந்த நாய் பின்னர் ஒரு காட்டுப் பன்றியோடு பொருது, இரண்டும் மாண்டன, அதன் நினைவாகவே அந்தக் கல் எழுந்தது. ஒரு நாயின் பெயர் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நமக்குக் கிடைத்திருக்கிறது. சோழ சேனையின் இடப்பக்கத்தில் நின்றவர் யார் என்பதை அந்தச் செப்பேடும் சொல்லவில்லை, கல்லும் சொல்லவில்லை.

அம்பா, அம்பாரியா என்னும் இந்த வேறுபாட்டை நம் நூல்கள் ஒரு வரியில் குறித்துவிட்டு மேலே செல்கின்றன. மேசையில் வைத்தால் அப்படிச் செல்ல இயலாது. தூரத்து அம்பினால் இளவரசன் வீழ்ந்திருந்தால், வரிசை குலையாமலிருக்கும்போதே அந்த நிகழ்ச்சி நேர்ந்திருக்கலாம். பகைவன் அம்பாரிவரை நெருங்கியிருந்தாலோ, யானையைச் சூழ்ந்து நின்ற காலாட்களும் குதிரைகளும் அதற்கு முன்னரே அகற்றப்பட்டிருக்க வேண்டும். அப்போது இராஜாதித்தனுடைய மரணம் தோல்விக்குக் காரணமா, அன்றித் தோல்வியின் இறுதிக் காட்சியா என்ற கேள்வி எழுகிறது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இதைக் கேட்பானாகில், அவன் ஆண்டுகளை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளைவிட நெடுந்தூரம் வந்துவிட்டான்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டாம். ஒரு பழைய மேசை, கொஞ்சம் ஆற்று மணல், நாட்காட்டி அட்டையில் வெட்டிய துண்டுகள், களிமண்ணில் பிடித்த யானைகள், இரண்டு பகடைகள், ஓர் அளவுநாடா ஆகியவை போதும். சரித்திர ஆசிரியர்கள் வருஷத்தில் ஒரு யுத்தத்தையாவது இப்படி வகுப்பில் நடத்திக் காட்ட வேண்டும். தக்கோலத்துக்கு அண்மையிலுள்ள பள்ளிகளில் பிள்ளைகளைக் களத்துக்கே அழைத்துச்சென்று நிலத்தை அளக்கச் செய்யவும் கூடும். நம் அருங்காட்சியகங்களில் வாளும் கேடயமும் கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கின்றன. அவற்றின் பக்கத்தில் ஒரு மணல் மேசை இருக்குமானால், அந்த வாள் எத்தனை அடி தூரத்துக்குள் பயன்பட்டது என்பதை வருபவர் தாமே கண்டுகொள்வர்.

நண்பர் வர்ணம் தீட்டிய அந்தச் சிறு யானை இராஜாதித்தனுக்காக ஏற்பட்டது. செவ்வர்ணம் காய்ந்தபின் அதைச் சோழ வரிசையின் நடுவில் வைத்துவிட்டு, இரு பக்கமும் யாரை நிறுத்துவது என்று சென்ற ஞாயிறு மாலைவரை வாதித்தோம். காலாட்களை நெருக்கி நிறுத்த வேண்டும் என்பது அவர் கட்சி; குதிரைக்கு வழி விட வேண்டும் என்பது என்னுடையது. வலப்பக்கத்து அட்டை இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.