ஆய்வு சேரியிலிருந்து தொடங்கட்டும்

வங்காளத்தில் பிறந்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தே, 1961-62இல் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். ஊரின் உண்மைப் பெயரை மறைத்து ‘ஸ்ரீபுரம்’ என்றார். 1965இல் வெளிவந்த ‘சாதி, வர்க்கம், அதிகாரம்’ என்ற நூல் அவரை உலகறியச் செய்தது.

அக்கிரகாரம், குடியானத் தெரு, சேரி என மூன்றாகப் பிரிந்து கிடந்தது அந்த ஊர். முன்பு உயர்ந்த சாதி, நிலம், அதிகாரம் மூன்றும் ஒரே தெருவில் இருந்தன. பிராமணர்கள் நிலத்தை விற்று நகரங்களுக்குப் போனார்கள்; பஞ்சாயத்துத் தலைமை பிராமணரல்லாதாரிடம் வந்தது. பழைய பிணைப்பு தளர்வதை பெத்தே நுட்பமாகக் காட்டினார். ஆனால் அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அங்கிருந்து சேரிக்குள் தாராளமாகப் போய்வர முடியவில்லை.

இந்த இடைவெளி சிறியதல்ல.

நூல் வந்த மூன்றே ஆண்டுகளில், 1968 டிசம்பர் 25 அன்று, அதே மாவட்டத்தின் கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அங்கே நிலவுடைமையாளர்களின் தலைவர் பிராமணர் அல்லர். தெரு மாறிய அதிகாரம் சேரியை விடுவிக்கவில்லை. நம் பல்கலைக்கழகங்கள் காவிரிப் படுகைக் கிராமங்களை மீண்டும் ஆராய வேண்டும். இம்முறை ஆய்வாளர் சேரியில் தங்க வேண்டும். நிலம் யார் பெயரில் இருக்கிறது, கூலியை யார் முடிவு செய்கிறார்கள் என்பதை அங்கிருந்தே கேட்க வேண்டும்.