இரண்டு பஞ்சாங்கம், ஒரு மருமகள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் பொறுமையாகப் படியுங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பண்டிகைத் தேதியில் சண்டை போடுவதை நிறுத்துவோம். அதைவிட முக்கியமாக, வீட்டுக்கு வந்த பெண்ணின் தலையில் இரண்டு பஞ்சாங்கத்தின் விரதங்களையும் கட்டுவதை நிறுத்துவோம்.

நம் உறவில் குஜராத்திலிருந்து ஒரு மருமகள் வந்திருப்பது பலருக்கும் தெரியும். 2025 தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், அக்டோபர் 22 அன்று, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவள் புத்தாண்டு வாழ்த்து போட்டாள். "சித்திரையில்தானே வருஷம் பிறக்கும்?" என்று ஒருவர் கேட்டார். "அவங்க காலண்டரே தப்பு" என்று இன்னொருவர் எழுதினார். அவள் பதில் எழுதவில்லை. அவள் சார்பாக நான் எழுதுகிறேன். ஓய்வு பெற்ற டீச்சருக்குக் கரும்பலகை கிடைத்தால் விடுவேனா?

நாம் மாதத்தைச் சூரியனை வைத்து எண்ணுகிறோம். சூரியன் மேஷத்துக்கு வந்தால் சித்திரை. குஜராத்தில் சந்திரனை வைத்து எண்ணுகிறார்கள். அமாவாசையில் மாதம் முடியும், மறுநாள் பிரதமையில் அடுத்த மாதம் பிறக்கும். அவர்களுடைய ஆண்டு கார்த்திக மாதப் பிரதமையில் தொடங்குகிறது. விக்ரம சம்வத் 2082 அப்படிப் பிறந்ததுதான்.

சரி, தீபாவளிக்கு மறுநாளே ஏன் பிறக்கவில்லை? கவனியுங்கள். அக்டோபர் 20 விடியற்காலையில் சதுர்த்தசி திதி. நமக்கு எண்ணெய்க் குளியல். அன்று மாலை அமாவாசை வந்துவிட்டது. அவர்களுக்கு அது லட்சுமி பூஜை. 21-ஆம் தேதி சூரியன் உதிக்கும்போதும் அமாவாசைதான், மாலையில்தான் முடிந்தது. சூரிய உதயத்தில் பிரதமை இருந்தால்தான் அவர்களுக்குப் புத்தாண்டு, அதனால் 22. நடுவில் விழுந்த நாளுக்கு 'தோகோ' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஒரே திதி, விடியலில் பார்த்தால் ஒரு நாள், மாலையில் பார்த்தால் ஒரு நாள். இதில் தப்பு எங்கே இருக்கிறது? 2026-ல் தீபாவளி நவம்பர் 8, அவர்களுடைய புத்தாண்டு நவம்பர் 10. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சந்திர வருடம் சுமார் 354 நாள். சூரிய வருடத்தைவிட 11 நாள் குறைவு. அந்தப் பாக்கி சேரச் சேர, ஏறக்குறைய 32, 33 மாதத்துக்கு ஒருமுறை ஓர் 'அதிக மாதம்' சேர்த்துக் கணக்கை நேர் செய்கிறார்கள். 2023-ல் அப்படி ஸ்ராவணம் இரண்டு முறை வந்தது. அதே ஆண்டு நமக்கு ஆடியில் இரண்டு அமாவாசை வந்தது: ஜூலை 17, ஆகஸ்ட் 16. எதில் தர்ப்பணம் செய்வது என்று பலர் குழம்பினீர்களே, இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு முகம். நம் மாதம் சூரியனுடையது என்றாலும் விநாயகர் சதுர்த்திக்கும் கந்த சஷ்டிக்கும் திதியைத்தான் பார்க்கிறோம். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் நட்சத்திரத்தைப் பார்க்கிறோம். சந்திரனை நாமும் விடவில்லை.

நமக்குள் மட்டும் ஒரே தேதியா என்ன? 2021-ல் ஸ்ரீரங்கத்தில் கார்த்திகை மாதத்திலேயே, டிசம்பர் 14 அன்று, சொர்க்கவாசல் திறந்தார்கள். மற்ற பெருமாள் கோயில்களில் 2022 ஜனவரி 13. 2025 மார்ச் 29 அன்று திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி. திருநள்ளாறு வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் கோயில், அங்கே அன்று பெயர்ச்சி இல்லை. யாரும் திருநள்ளாற்றுக்குப் போய் "உங்க காலண்டர் தப்பு" என்று சொல்லவில்லை. கோயிலுக்குக் கொடுக்கும் மரியாதையை ஒரு பெண்ணுக்கும் கொடுக்கலாம்.

தேதி விஷயம் இத்தோடு போகட்டும். எனக்கு மனசு உறுத்துவது அடுத்த விஷயம்.

அந்தப் பெண்ணுக்குத் தன் தாய்வீட்டு வழக்கப்படி ஸ்ராவணத் திங்கட்கிழமை விரதம் உண்டு. ஏகாதசி உண்டு. புகுந்த வீட்டில் "நம்ம வீட்டு வழக்கம்" என்று ஆடி வெள்ளியும் சேர்ந்துகொண்டது. 2025 கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 18 வரை 32 நாள். அதில் ஆடி வெள்ளி ஐந்து, ஸ்ராவணத் திங்கள் நான்கு, ஏகாதசி இரண்டு. மொத்தம் பதினொன்று. மூன்று நாளைக்கு ஒரு நாள் ஒரு பெண் அரை வயிறு. இத்தனைக்கும் அவள் தினமும் காலையில் ரயிலைப் பிடித்து வேலைக்குப் போகிறவள். அந்தப் பதினொரு நாளில் அவள் கணவன் எத்தனை நாள் விரதம் இருந்தான் என்று கேட்காதீர்கள். விரதம் முடிந்ததும் வீட்டாருக்கு வடை சுட்டவள் யார் என்றும் கேட்காதீர்கள்.

இதில் இன்னொரு குத்தல்: "விரதம்னு சொல்லிட்டு ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிடறா." அவர்கள் வழக்கத்தில் அரிசி, கோதுமை கூடாது. ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, இந்துப்பு சேர்க்கலாம். அதற்கு 'ஃபராளி' என்று பெயர். பலாகாரம் என்பதிலிருந்து வந்த சொல். நம் 'பலகாரம்' எங்கிருந்து வந்தது? அதே வேர்தான். அமாவாசை இரவில் சோறு வேண்டாம், பலகாரம் என்று இரண்டு தோசையும் உப்புமாவும் சாப்பிடும் நாம், அவளுடைய கிச்சடியை எடை போடலாமா?

பார்க்கப் பார்க்க ஒற்றுமைதான் அதிகம். அங்கே சின்னப் பெண்கள் ஆஷாட மாதத்தில் ஐந்து நாள் உப்பில்லாமல் சாப்பிட்டு கௌரி விரதம் இருப்பார்கள். சின்னச் சட்டியில் கோதுமை முளைக்க வைத்துப் பூஜை செய்வார்கள். தென்மாவட்டத்து உறவுகளே, இது உங்கள் முளைப்பாரி மாதிரியே இல்லையா?

"அந்தக் காலத்தில் நாங்க இருக்கலையா?" என்று மூத்தவர்கள் கேட்பீர்கள். இருந்தோம். எத்தனை பேர் ரத்தசோகையோடு இருந்தோம், மயக்கத்தைச் சொல்லாமல் சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "விட்டுவிட்டால் வழக்கம் அழிந்துவிடுமே" என்பது நியாயமான கவலை. ஆனால் வழக்கம் எல்லோருடையது என்றால் மகனும் பாதியைச் சுமக்கட்டும். ஆடி வெள்ளி அவனுக்கும் வெள்ளிக்கிழமைதான். நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் விரதத்தில் விலக்கு கொடுத்தது நம் பெரியவர்கள்தான். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்கவே கூடாது. இதை என் வயதுத் தோழிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

என் கருத்து இவ்வளவுதான். விரதம் இருப்பவர் விரும்பி இருக்க வேண்டும். எந்த விரதம், எந்தப் பஞ்சாங்கம் என்பதை அவரே முடிவு செய்யட்டும். அந்தப் பெண் ஸ்ராவணத்தைப் பிடித்துக்கொள்கிறாளா, ஆடியைப் பிடித்துக்கொள்கிறாளா, இரண்டையும் விடுகிறாளா, அது அவள் பாடு. குலதெய்வம் கோபிக்கும் என்று பயமுறுத்த வேண்டாம்.

பிள்ளைகளே, உங்களில் பலர் இப்போது மாமனார், மாமியார் ஆகிற வயதுக்கு வந்துவிட்டீர்கள். உங்கள் வீட்டில் விரதம் இருப்பது யார், அன்று சமைப்பது யார் என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தவும் செய்வேன்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
காட்டாங்குளத்தூர்.