500 கிராம் அச்சமின்மை

நம் துப்பறியும் நாவல்கள் பெரும்பாலானவற்றில் ரிவால்வருக்கு எடையே கிடையாது. இடுப்பிலிருந்து உருவப்படும், கைப்பைக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும், வேலை முடிந்ததும் புகைவிடும், அவ்வளவுதான். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் குரலையே மாற்றிவிட்டதைப் பேசிச் சலிக்காத நாம், அந்த ஆயுதம் எத்தனை பெரிதென்று கேட்டதில்லை.

கேட்டிருக்க வேண்டும். ரிவால்வரின் குணத்தைப் பெரிதும் தீர்மானிப்பது அதன் சட்டகம். அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் தன் சட்டகங்களை எழுத்துகளால் அழைக்கிறது: ஜே சிறியது, கே நடுத்தரம், என் பெரியது. .38 தோட்டாவுக்கு ஜே சட்டகத்தின் உருளையில் வழக்கமாக ஐந்து அறைகள், கே சட்டகத்தில் ஆறு. சிறியது எளிதில் மறையும். ஆனால் அதே தோட்டாவைச் சுடும்போது கையை முரட்டுத்தனமாக உதைக்கும். 750 கிராம் ஆயுதத்தை 500 கிராமாகக் குறைத்தால் அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகத்தில் பின்னோக்கி வரும் என்பது பள்ளிக்கூடத்து இயற்பியல். குட்டைக் குழலில் குறிபார்ப்பதும் கடினம். பழகாத கைக்கு நடுத்தரச் சட்டகமே ஏற்றது என்பது நம் கருத்து.

இவ்விடத்தில்தான் 'நிர்பீக்' நம்மை உறுத்துகிறது. டில்லி மாணவிக்கு 2012 டிசம்பரில் நேர்ந்த கொடூரத்தின் நினைவாக, 2014 ஜனவரியில் கான்பூரின் அரசுப் படைக்கலத் தொழிற்சாலை வெளியிட்ட ரிவால்வர் அது. பெயருக்கு அச்சமற்றவர் என்று பொருள். .32 தோட்டா, டைட்டானியக் கலவை, எடை 500 கிராம், அறிமுக விலை சுமார் 1,22,000 ரூபாய். பெண்களுக்கென்றே இலகுவாகச் செய்யப்பட்டதாம். சிறிய கைக்குத் தேவை எட்டும் தூரத்தில் விசையும் உள்ளங்கைக்குப் பொருந்தும் பிடியும். எடைக்குறைப்பு கைப்பைக்குச் செய்த சலுகையேயன்றிக் கைக்குச் செய்ததன்று. .32 சாதுவான தோட்டா என்பதால் உதை பொறுக்கக்கூடியதாயிருக்கும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளலாம்.

டைட்டானியம் துருப்பிடிக்காது, கிள்ளையின் உப்புக்காற்றுக்கு உகந்த உலோகம்தான். ஆனால் கிள்ளையில் இதை வாங்கப்போவது யார்? பிச்சாவரத்துக் கால்வாய்களில் கழுத்தளவு நீரில் நின்று, கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணா? 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் கேட்டு அவள் கடலூர் ஆட்சியர் அலுவலகப் படியேறுவதை நம்மால் கற்பனை செய்ய இயலவில்லை. உயிருக்கு ஆபத்தென்று நிறுவ வேண்டும். அதைக் காவல்துறை விசாரித்து அறிக்கை தர வேண்டும்.

காவல்துறை என்றதும் இவ்வட்டாரத்தாருக்கு நினைவுக்கு வருவது வேறொன்று. 1992இல், சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில், பிடித்துவைக்கப்பட்டிருந்த ஓர் ஏழைக் கணவன் உயிரிழந்தான்; அவன் மனைவியைக் காவலர்களே வன்புணர்ந்தார்கள். ஆயுதமும் உரிமமும் பயிற்சியும் அங்கே யாரிடம் இருந்தன? எந்தச் சட்டகத்தைத் தேர்ந்திருந்தால் அப்பெண் அந்த வாசலைத் தாண்டி அதை உள்ளே கொண்டுபோயிருக்க முடியும் என்பதை நிர்பீக்கை வாழ்த்தி எழுதியவர்கள் இன்றுவரை சொல்லவில்லை.