கேட்கிறது, கேட்கிறேன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

தமிழில் 'கேள்' என்று ஒரே வினைச்சொல். ஆங்கிலத்திலோ அதற்கு 'ஹியர்', 'லிஸன்', 'ஆஸ்க்' என்று மூன்று. ஆகவே ஆங்கிலமே நுட்பமான மொழி, தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இந்த இடத்தில் தடுமாறத்தான் செய்வார்கள் என்று சிலர் பேசுகிறார்கள். இக்கருத்தை நான் மறுக்கிறேன். இயற்பியல் மாணவனுக்கு இலக்கண ஆராய்ச்சி எதற்கு என்று ஆசிரியப் பெருமக்கள் எண்ண வேண்டாம். ஒலியும் செவியும் எங்கள் பாடத்திலும் உண்டு.

சென்ற ஆண்டு ஓர் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வகுப்பில் என் நண்பன் ஒருவன் எழுந்து, "ஐ ஆம் ஹியரிங் யூ, சார்" என்றான். வகுப்பே சிரித்தது. "தப்பு, உட்கார்" என்றார் பயிற்சியாளர். ஏன் தப்பு என்று அவரும் சொல்லவில்லை, நண்பனும் கேட்கவில்லை. அதன் பிறகு அந்த வகுப்பில் அவன் வாய் திறக்கவே இல்லை. அவன் வீட்டிலும் என் வீட்டிலும் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நாங்கள்தாம். எங்களுக்கு வீட்டில் திருத்திச் சொல்ல ஆள் கிடையாது. வகுப்பில் கிடைக்காத விளக்கம் வேறெங்கும் கிடைக்காது.

இத்தனைக்கும் அந்த விளக்கம் தமிழிலேயே இருக்கிறது. பேசின் பிரிட்ஜில் குடியிருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். சென்ட்ரலை விட்டுப் புறப்படும் வண்டிகள் இங்கே வந்துதான் அரக்கோணம் பக்கமும் கும்மிடிப்பூண்டி பக்கமும் பிரிகின்றன. சென்ட்ரலுக்குள் நுழைய வேண்டிய வண்டிகளும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சிக்னலுக்காகக் காத்து நிற்கும். இரவெல்லாம் எங்களுக்கு வண்டிச் சத்தம் கேட்கிறது. ஆனால் நாங்கள் அதைக் கேட்பதில்லை. கேட்டால் தூங்க முடியுமா? உறவினர் யாராவது வந்து தங்கினால்தான், "இந்தச் சத்தத்துல எப்படிம்மா இருக்கீங்க?" என்பார்கள். "எந்தச் சத்தம்?" என்பார் அம்மா.

'எனக்குக் கேட்கிறது' என்பதில் எழுவாய் சத்தம். அது தானாக வந்து காதில் விழுகிறது. நான் வெறுமனே நான்காம் வேற்றுமையில் நிற்கிறேன். இதுதான் 'ஹியர்'. 'நான் கேட்கிறேன்' என்னும்போது எழுவாய் நான். மனம் வைத்துச் செய்கிறேன். இதுதான் 'லிஸன்'. ஆங்கிலம் இரண்டு சொற்களால் காட்டும் வேறுபாட்டை நாம் ஒரு 'கு' உருபினால் காட்டிவிடுகிறோம். கண்ணை மூட இமை உண்டு, காதுக்கு இல்லை. நொடிக்கு 20 முதல் 20,000 அதிர்வு வரையுள்ள ஒலி எதுவானாலும், போதிய உரப்பு இருந்தால் செவிக்குள் புகுந்துவிடும். தானாக நடப்பதை 'நான் செய்துகொண்டிருக்கிறேன்' என்று சொல்வது பொருந்தாது. 'ஐ ஆம் ஹியரிங்' என்பதைப் பொதுவாக ஆங்கிலம் ஏற்காததன் காரணம் இதுவே. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகுமா?

கைப்பேசியில் பேசும்போது நாம் அனைவரும் இந்த இலக்கணத்தைப் பிழையின்றிக் கையாள்கிறோம். பாலத்தின் மேல் நின்று பேசுகையில் வண்டி கடந்தால், "ஹலோ, கேக்குதா?" என்கிறோம். அது "கேன் யூ ஹியர் மீ?" எதிர்முனையில் இருப்பவர் பராக்குப் பார்ப்பதாகச் சந்தேகம் வந்தால், "நான் சொல்றத கேக்கிறியா?" என்கிறோம். அது "ஆர் யூ லிஸனிங்?" முதலாவதில் குறை அலைவரிசையின் மேல், இரண்டாவதில் ஆளின் மேல்.

'ஆஸ்க்' என்பது வேறு கதை. எங்கள் தெருவில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல உண்டு. அவர்கள் காதால் கேட்பதற்கு 'வினு' என்றும், வினவுவதற்கு 'அடுகு' என்றும் தனித்தனியே சொல்வார்கள். கன்னடத்தில் நம்மைப் போலவே இரண்டுக்கும் 'கேளு'தான். நமக்கு 'பாட்டு கேட்டேன்', 'கூலி கேட்டேன்' இரண்டும் ஒரே வினை. திருக்குறளில் 42ஆம் அதிகாரத்தின் பெயர் 'கேள்வி'. அங்கே அதற்கு அறிஞர் சொல்வதைச் செவியால் கேட்டறிதல் என்று பொருள், வினா என்பதன்று. அந்தப் பழம்பொருள் 'கேள்விப்பட்டேன்' என்பதில் இன்றும் உயிரோடு இருக்கிறது. 'ஐ ஹியர் யூ ஆர் கோயிங் டு சேலம்' என்ற வாக்கியத்தைப் பார்த்து நம்மவர் விழிக்கிறார்கள். நிகழ்காலத்தில் இருக்கிறதே, இப்போதா காதில் விழுகிறது? இல்லை. 'நீ சேலம் போவதாகக் கேள்விப்பட்டேன்' என்பதே பொருள்.

எல்லாம் இப்படிப் பொருந்திவிடும் என்று நான் சொல்லவில்லை. நீதிபதி வழக்கைக் கேட்பது 'ஹியரிங்'தான். அவர் மனம் வைத்துச் செய்யும் செயலானாலும் அங்கே 'லிஸன்' வராது. கடித முடிவில் வரும் 'ஹியர் ஃப்ரம் யூ' என்பதில் காதுக்கு வேலையே இல்லை. பதில் எழுதினால் போதும். இவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். 'சொன்னால் கேட்க மாட்டான்' என்று நாம் கீழ்ப்படியாதவனைச் சொல்கிறோமே, அது ஆங்கிலத்துக்கும் அந்நியமன்று. 'ஒபே' என்ற சொல்லே கேட்டலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்ததுதான். 'ஆடிட்' என்பதும் அதே வேர்; அந்நாளில் கணக்கை வாயால் படிக்கக் காதால் கேட்டுச் சரிபார்த்தார்கள்.

ஆங்கில வகுப்பில் தமிழ் கூடாது என்பது ஒரு கௌரவமாகவே நிலவுகிறது. அந்தக் கௌரவத்தின் விலையைக் கடைசிப் பெஞ்சில் இருப்பவர்கள் கொடுக்கிறார்கள். வரும் ஆண்டு முதலாமாண்டு மாணவர்களுக்கு ஒரே ஒரு மணி நேரம், நான்காம் வேற்றுமையைக் கரும்பலகையில் எழுதி இந்த வினைகளை நடத்துமாறு நம் ஆங்கிலத் துறையைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் 'கேட்டுக்கொள்கிறேன்' என்பதற்கு ஹியரும் உதவாது, லிஸனும் உதவாது. 'ரிக்வெஸ்ட்' என்றுதான் எழுத வேண்டும்.