பழசுக்கு விலை உண்டு, பந்தலுக்கு இல்லை

ஏலம்னா எனக்குத் தெரிஞ்சது ஈரோட்டு மஞ்சள் ஏலம்தான். அங்க 'பழைய மஞ்சள்'னு சொன்னாலே வியாபாரி கொஞ்சம் இறக்கித்தான் கேட்பார். நாள் ஆக ஆக வண்டு அடிக்கும், எடை குறையும், நமக்குப் பயம் கூடும். ஆனா பழசாக ஆக விலை ஏறுற ஒரு விளைபொருளும் உலகத்துல இருக்கு. அதோட ஏலத்தைப் பத்திப் படிச்சதிலிருந்து மனசுல ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு.

அமெரிக்காவின் நியூஜெர்சியில் லிபர்ட்டி ஹால் என்றொரு மாளிகை. அந்த மாகாணத்தின் கவர்னராக இருந்த வில்லியம் லிவிங்ஸ்டன் 1772இல் கட்டியது. பிறகு கீன் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். இப்போது அருங்காட்சியகம். அதன் நிலவறையைப் புதுப்பித்தபோது ஒரு சுவருக்குப் பின்னால் 1796ஆம் வருடத்து மதேரா ஒயின் பாட்டில்கள் கிடைத்தன. கூடவே பெரிய பெரிய கண்ணாடிக் குடுவைகள். மதுவிலக்குக் காலத்தில் சரக்கை மறைக்க எழுப்பிய சுவராக இருக்கலாம் என்கிறார்கள். 2018 டிசம்பரில் கிறிஸ்டிஸ் நிறுவனம் அவற்றில் ஒரு பகுதியை நியூயார்க்கில் ஏலம் விட்டது. ஒவ்வொரு பாட்டிலும் பல ஆயிரம் டாலருக்குப் போனது.

இருநூறு வருசம் எப்படிக் கெடாம இருந்துச்சு? மதேரா என்பது போர்ச்சுகலுக்குச் சொந்தமான அட்லாண்டிக் தீவு. அங்கே ஒயினில் திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து வீரியத்தை 17 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவார்கள். அந்தக் காலத்தில் பீப்பாய்கள் வெயில் கொளுத்தும் கடல் வழியாகக் கப்பலில் போய்வந்தன. சூடுபட்ட ஒயின் கெடுவதற்குப் பதிலாக ருசி கூடியது. அதனால் பிறகு வேண்டுமென்றே சூடுபடுத்த ஆரம்பித்தார்கள். நல்ல ரகத்தை இன்றைக்கும் கூரைக்குக் கீழே, வெக்கை தங்கும் பரணில் பீப்பாயோடு வைக்கிறார்கள். வருடம் குறித்து விற்கும் உயர்ந்த ரகம் என்றால் குறைந்தது 20 வருடம் பீப்பாயில் கிடக்க வேண்டும். வெயிலும் காற்றும் பட்டுப் பழகிய சரக்கு அது. இனி அதைக் கெடுக்க என்ன இருக்கு!

இதுவரைக்கும் ஏலக்காரர் சொல்லும் கதை. மீதியை நான் குடியானவன் கண்ணால் பார்க்கிறேன்.

மதேரா முழுக்கச் செங்குத்தான மலை. கல் அடுக்கிப் படிப்படியாகக் கழனி கட்டியிருக்கிறார்கள். மழை பெய்யும் வடக்கிலிருந்து காய்ந்த தெற்குக்கு, மலையைக் குடைந்து வாய்க்கால் கொண்டுவந்திருக்கிறார்கள். நம்ம கம்பம் பக்கம் மாதிரியே பந்தல் போட்டுத் திராட்சை ஏற்றி, அடியில் காய்கறி போடுவதும் உண்டு. ஒவ்வொருவருக்கும் துண்டு நிலம். பழத்தைக் கையால் பறித்து ஒயின் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, அந்த வருசக் காசை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். விலை ஏறும்வரை இருபது வருசம் காத்திருக்க யாரால் முடியும்?

1850களில் சாம்பல் நோய் வந்து கொடிகளை அழித்தது. 1870களில் வேரை உறிஞ்சும் பிலாக்சிரா பூச்சி வந்தது. பஞ்சத்துக்கும் நோய்க்கும் தப்பி, தீவு மக்கள் ஆயிரக்கணக்கில் பிரிட்டிஷ் கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து நம்ம சனமும் கப்பல் ஏறிப் போன அதே கயானா.

சேர்த்து வைத்தவரைக் குறை சொல்லவில்லை. வைத்துக் காப்பதும் வேலைதான். கார்க் கெடாமல், சீட்டுக் கிழியாமல், யாரிடம் எப்போது வாங்கியது என்ற கணக்கு தொலையாமல் காத்ததால்தான் அந்த விலை. ஆனால் இறக்குமதி செய்த வியாபாரி யார், நிலவறை யாருடையது என்பதெல்லாம் வரலாறாகப் பதிவாகிறது. எந்தக் கழனிப் பழம், யார் கை பறித்தது என்பதுதான் இல்லை. ஏலம் விட்ட நிறுவனத்துக்குக் கமிஷன் உண்டு. விளைந்த மண்ணுக்கு ஒரு பைசா இல்லை.

'விற்றாச்சு, உரிமை முடிஞ்சுது, இதுல என்னங்க நியாயம் கேட்கறது?'ன்னு நீங்க கேட்கலாம். ஓவியருக்கு மட்டும் வேற நியாயம் இருக்கே. ஐரோப்பாவில் ஒரு ஓவியம் ஏலத்தில் மறுபடி விலைபோனால், வரைந்தவருக்கோ அவர் வாரிசுக்கோ ஒரு பங்கு கொடுக்கச் சட்டம் உண்டு. பிரான்சில் 1920இலேயே கொண்டுவந்தார்கள். தூரிகை பிடித்த கைக்கு ஒரு நியாயம், கவாத்துக் கத்தி பிடித்த கைக்கு வேறு நியாயமா?

1796இல் பறித்தவரின் பேரன் பேத்தியைத் தேடச் சொல்லவில்லை. பழைய மதேரா ஏலம் போகும்போது, வரும் பணத்தில் நூற்றுக்கு ஒன்று அந்தத் தீவின் கற்சுவர்களையும் வாய்க்கால்களையும் பராமரிக்கப் போகட்டும். அது தானம் இல்லை, பாக்கி. கல்சுவர் சரிஞ்சா கொடி இல்லை. கொடி இல்லாட்டி, இன்னும் நூறு வருசம் கழிச்சு ஏலம் விட எந்த நிலவறையிலும் பாட்டில் இருக்காது.

பழசுக்கு விலை கொடுக்கத் தெரிஞ்ச உலகம், புதுசா விளையறதுக்கு வழிவிடவும் கத்துக்கணும். இல்லீங்களா?