நெற்றியில் 1200, வாசலில் 100!

“நெட் வரவில்லை! கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான்!” இந்தக் கூக்குரல் எழாத தெரு இன்று உண்டா? மாடி வீட்டிலும் எழுகிறது, மில் லைன் வீட்டிலும் எழுகிறது. தேர்வாணைய வேலைக்கு மனுப் போடும் பையன், கடைசி நாள் இரவு பதினொன்றரை மணிக்குப் பணம் கட்டும் கட்டத்தில் வட்டம் சுழல்வதைப் பார்த்துக்கொண்டு தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறான். கடல் கடந்து கூலிக்குப் போன மகனின் முகம் பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டங்கட்டமாக உடைந்து நின்றுவிட, தாய் போனைத் தட்டித் தட்டிப் பார்க்கிறாள். மாதம் தவறாமல் பணம் கட்டுகிறவனுக்குக் கோபம் வராதா? வரும், வரத்தான் வேண்டும்.

ஆனால் அந்தக் கோபம் யார் தலையில் விழுகிறது தோழர்களே? குளிர்சாதன அறையிலே உட்கார்ந்து ‘பிளான்’ போடுகிறவன் தலையிலா? இல்லை. வெயிலிலும் மழையிலும் ஏணியைத் தோளில் சுமந்து, கம்பத்துக்குக் கம்பம் ஏறி, மயிரிழை போன்ற கண்ணாடி இழையை ஒட்டவைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறானே லைன் பார்க்கும் தம்பி, அவன் தலையில்! அவனும் நம்மைப் போல ஒரு தொழிலாளி. அவன் செய்யாத குற்றத்துக்கு நம் வீட்டு வாசலில் நின்று ஏச்சு வாங்குகிறான். உண்மைக் குற்றவாளியோ பல வீடுகளில் பீரோவின் மேலே, தூசி படிந்து, பச்சை விளக்கைச் சிமிட்டியபடி சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. வீட்டிலுள்ள பழைய ரவுட்டர் பெட்டியைத்தான் சொல்லுகிறோம்.

வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. நம் பகுதிப் படிப்பகத்திலே நடந்த கதை இது. ஷிப்டு முடிந்து வரும் தோழர்கள் வைப்பு நிதிக் கணக்கைப் பார்ப்பதும், பிள்ளைகள் மனுக்களை நிரப்புவதும் அங்கேதான். 150 மெகாபிட் வேகம் என்று சொல்லி கனெக்‌ஷன் கொடுத்திருந்தார்கள். நான்கு பேர் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் ஒருவருக்கும் ஒன்றும் வராது. கம்பெனிக்குப் போன் செய்தோம். அங்கிருந்து வந்த பதில் என்ன தெரியுமா? “உங்களுக்கு இந்த வேகம் போதவில்லை சார், 300 பிளானுக்கு மாறிக்கொள்ளுங்கள்!” நாமும் நம்பிவிட்டோம். மாதா மாதம் கூடுதல் பணத்துக்கு வழி தேடிப் பொருளாளர் நன்கொடைப் புத்தகத்தைக்கூட எடுத்துவிட்டார்.

அந்த நேரத்தில் லைன் பார்க்க ஒரு தம்பி வந்தார். நாம் ஏசியதை எல்லாம் கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், தம்முடைய மடிக்கணினியை எடுத்தார். தம் பையிலிருந்த ஒயரை, கம்பெனி மாட்டிய ஃபைபர் பெட்டியில் நேராகச் செருகி வேகத்தை அளந்தார், 147 காட்டியது. அதற்கடுத்து நாம் வைத்திருந்த ரவுட்டரின் பின்புறத்து ஜாக்கில் செருகி அளந்தார்; 94. ஒயரைக் கழற்றிவிட்டு நான்கு மேசை தள்ளிப் போய் உட்கார்ந்து வைஃபையில் அளந்தார், 19!

“லைன்ல குறை இல்லண்ணே. உங்க பெட்டிதான் உள்ளே விடமாட்டேங்குது” என்றார்.

நமக்கு வெட்கமாகப் போய்விட்டது என்பதை மறைப்பானேன்? வாசல்வரை 147 வந்து நிற்கிறது. கூடத்துக்கு வருவது 19. இந்த இலட்சணத்தில் 300-க்குப் பணம் கட்டியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? அதே 19-தான் கிடைத்திருக்கும்!

இதன் சூட்சுமத்தைத் தோழர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பெட்டி 2012-இல் வாங்கியது. அதன் ஜாக்குகள் 100 மெகாபிட்டுக்கு மேல் விடாதவை. அந்த நூறிலும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் மேலே ஒட்டும் விலாசத்துக்கு ஒரு பங்கு போய்விடும். மிஞ்சுவது 94 சொச்சம். ஆகவே, எத்தனை பெரிய பிளான் போட்டாலும் ஒயரில் அளக்கும்போது 93, 94, 95 என்று அங்கேயே நின்றால், தடுப்பது பெட்டியின் ஜாக்கோ ஒயரோதான் என்று சந்தேகப்படலாம்.

சரி, 94 எப்படி 19 ஆயிற்று? அது காற்றிலே நடக்கும் கூத்து. அந்தக் காலத்து மலிவுப் பெட்டிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் மட்டும் பேசத் தெரிந்தவை. ஒன்றோடொன்று மோதாத பாதைகள் அதில் மூன்றுதான்: 1, 6, 11. சுவரோடு சுவர் ஒட்டிய நம் தெருக்களில், இருபது வீட்டுப் பெட்டிகளும் இந்த மூன்று பாதைகளில் முண்டியடிக்கின்றன. புளூடூத்தும் அங்கேதான், மாடி வீட்டு மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான். வைஃபை என்பது ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டிய சபை. ஒரு பழைய போன், ஒரு வார்த்தைக்கு நான்கு பங்கு நேரம் எடுத்துக்கொண்டு இழுத்து இழுத்துப் பேசினால், புதிய போனும் வாயை மூடிக் காத்திருக்க வேண்டியதுதான். ஒற்றைத் தடப் பாலத்தில் மாட்டு வண்டி முன்னால் போனால், பின்னால் வரும் எக்ஸ்பிரஸ் பஸ் என்ன செய்யும்?

1999-இல் வைஃபையின் உச்ச வேகம் 11 மெகாபிட். 2003-இல் 54. 2009-இல் வந்த முறைதான் படிப்பகத்துப் பெட்டியின் முறை. 2013-இலும் 2021-இலும் அதைத் தாண்டிய முறைகள் வந்துவிட்டன. ஃபைபர் ஏழை வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. பெட்டி மட்டும் வந்த நாளில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 2020-இல் பள்ளிக்கூடங்கள் மூடியபோது, பிள்ளைகளின் படிப்புக்காகக் கடன் வாங்கி, கடையில் எது மலிவோ அதை எடுத்து வந்த வீடுகள் எத்தனை! அந்தப் பெட்டிகளின் கதி இனிமேல் இதுதான்.

மலிவாக வாங்கியது நம் குற்றமா? அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், யார் குற்றம் என்பது விளங்கும். ‘1200’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். அது எப்படி வந்த கணக்கு? 2.4 அலைவரிசையில் 300, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 867. இரண்டையும் கூட்டி, மீதியைத் தாராளமாக மேலேற்றி, 1200! ஒரு போன் சாதாரணமாக ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் பேசும் என்பதைச் சொல்லமாட்டான். அந்த 867-உம் ஏட்டுக் கணக்கு. கைக்கு வருவது அதில் பாதி இருந்தால் பெரிது. இதைவிடக் கொடுமை ஒன்றுண்டு. இப்படி 1200 என்று நெற்றியில் எழுதிக்கொண்ட பெட்டிகளில் சிலவற்றின் ஜாக்குகள் வெறும் 100-தான்! வாசல் வழி நூறு வருகிற வீட்டுக்குள் ஆயிரத்து இருநூறு எங்கிருந்து வரும்? படி அரிசியைக் குறைத்து அளந்தால் முத்திரைச் சட்டம் பாய்கிறது. இந்த அளவைக் கேட்க ஆளில்லையா என்று நாம் கேட்கிறோம்.

“அப்படியானால் எல்லோரும் புதுப் பெட்டி வாங்குங்கள் என்கிறீர்களா? இது கடைக்காரனுக்குச் செய்யும் பிரசாரம் ஆகாதா?” என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாங்கு வாங்கு என்று நாம் சொல்லவில்லை. முதலில் அள என்கிறோம். 40 மெகாபிட் பிளான் வைத்திருக்கும் இரண்டு அறை வீட்டுக்குப் பழைய பெட்டியே தாராளம். காசு செலவில்லாத வைத்தியங்களும் இருக்கின்றன. இரும்பு பீரோவுக்குப் பின்னாலும் டி.வி.க்கு அடியிலும் ஒளித்து வைத்த பெட்டியை வெளியே எடுத்து, வீட்டின் நடுவில், உயரத்தில் வையுங்கள். தூசி தட்டுங்கள், காற்றுத் துளைகளை அடைத்த துணியை எடுங்கள். அடிக்கடி அணைந்து அணைந்து எரிகிறதென்றால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். வருடக் கணக்கில் சூட்டில் கிடந்தால் அதன் உள்ளிருக்கும் கண்டென்சர்கள் வற்றிப்போகும்.

வைஃபை பாஸ்வேர்டின் பூட்டு முறையையும் பார்க்க வேண்டும். ‘வெப்’ அல்லது ‘டிகிப்’ என்ற பழைய பூட்டில் இருந்தால், 2009 முறைப் பெட்டிகூட 54 வேகத்துக்கு இறங்கிவிடும்படி விதி. பூட்டும் பலவீனம், வேகமும் நஷ்டம்! ‘டபிள்யூ.பி.ஏ.2, ஏ.இ.எஸ்.’ என்பதற்கு மாற்றினால் போதும். ஐந்து நிமிட வேலை. தெருவுக்கொரு படித்த பிள்ளை இருக்கிறது. அழைத்தால் செய்யாதா?

இத்தனையும் செய்து, பிறகும் பெட்டிதான் தடை என்று அளந்து தெரிந்தால் மட்டும் பணத்தை எடுங்கள். படிப்பகத்துக்கு அப்படித்தான் புதுப் பெட்டி ஒன்று வாங்கினோம். இரண்டாயிரம் ரூபாய் அளவில் ஆயிற்று. அட்டையில் போட்ட எண்ணைப் பார்க்காமல், ஜாக்குகள் ‘கிகாபிட்’ ஜாக்குகளா என்று கேட்டு வாங்கினோம். கொண்டுவந்து மாட்டி அளந்தோம். என்ன வந்தது? மறுபடியும் 94! பொருளாளரின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். கடைசியில் பார்த்தால், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஓடிய ஒயர் கதவிடுக்கில் நசுங்கியிருந்தது. அந்த ஒயருக்குள்ளே எட்டுக் கம்பிகள். நூறு வேகத்துக்கு நான்கு போதும். ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் பெட்டிகள் இரண்டும் சத்தம் போடாமல் நூறுக்கு இறங்கிவிடும். எண்பது ரூபாய் ஒயர் போட்டோம், சரியாயிற்று. இதை முதலிலேயே பார்க்காதது நம் பிசகு. நீங்கள் ஒயரைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

வேகத்தோடு நிற்கிற விஷயமும் அல்ல இது. பழைய பெட்டிக்குத் தயாரித்தவன் ஒரு நாள் திருத்தம் அனுப்புவதை நிறுத்திவிடுகிறான். அன்று முதல் அது பூட்டில்லாத வீடு. 2018-இல் ‘வி.பி.என். ஃபில்டர்’ என்று பெயரிடப்பட்ட நாச நிரல் 54 நாடுகளில் 5 லட்சம் பெட்டிகளுக்குக் குறையாமல் பிடித்துக்கொண்டது. 2025 மே மாதத்தில் அமெரிக்காவின் எப்.பி.ஐ.யே எச்சரிக்கை விட்டது. ஆயுள் முடிந்த ரவுட்டர்களுக்குள் புகுந்து, அவற்றின் வழியாகக் குற்றவாளிகள் தங்கள் முகத்தை மறைத்துக்கொள்கிறார்கள் என்று. யாரோ ஒருவன் செய்யும் மோசடிக்கு உங்கள் வீட்டு முகவரி. அவன் போக்குவரத்துக்கு உங்கள் லைன். பில் மட்டும் உங்கள் பெயரில்!

பிற நாடுகளில் இதற்கெல்லாம் கேள்வி முறை வந்திருக்கிறது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்டு 1 முதல், எந்தப் பெட்டியை மாட்டுவது என்பது வீட்டுக்காரரின் உரிமை. கம்பெனி தன் பெட்டியைத் திணிக்க முடியாது. அமெரிக்காவில் 2020 டிசம்பர் 20 முதல், வாடிக்கையாளர் தம் சொந்தப் பெட்டியை வைத்திருந்தால் அதற்கு வாடகை வாங்கக்கூடாது. (சொந்தப் பெட்டிக்கு வாடகை! அப்படியும் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.) பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எத்தனை காலத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவான் என்பதைத் தயாரிப்பாளன் வெளிப்படையாக அறிவித்தே தீரவேண்டும்.

இங்கே நாம் வாங்கிய பெட்டியில் அப்படி ஒரு தேதியைத் தேடினோம், அகப்படவில்லை. கடைக்காரரைக் கேட்டோம், “வாரண்டி கார்டு உள்ளே இருக்கு சார்” என்றார். மருந்துச் சீட்டில் காலாவதித் தேதி இருக்கிறது. பால் பாக்கெட்டிலே இருக்கிறது. சமையல் எரிவாயு சிலிண்டரின் கழுத்திலே சோதனைத் தேதி இருக்கிறது. இந்தப் பெட்டிக்கு மட்டும் ஏன் இருக்கக்கூடாது? ஜாக்கின் உண்மை வேகமும், திருத்தம் வரும் கடைசி வருடமும் தமிழிலே அட்டையின் முகப்பில் அச்சிடப்படவேண்டும் என்று சர்க்காரை நாம் கேட்கிறோம்.

கம்பெனிகளிடம் கேட்பது இன்னும் எளிது. பெரிய பிளானுக்கு மாறச் சொல்லும் முன், அந்த வீட்டிலுள்ள பெட்டி அதைத் தாங்குமா என்று ஓர் ஆளை அனுப்பி அளந்து, அந்த எண்ணை எழுதிக் கொடுங்கள். அளக்கப் போகும் ஆளுக்கு அதற்கான கூலியையும் கொடுங்கள். படிப்பகத்தில் அந்தத் தம்பி அளந்தது தம் சொந்த மடிக்கணினியில், சாப்பாட்டு நேரத்தில்.

300 பிளானை நாம் எடுக்கவில்லை. அதே 150-தான், நான்காவது மேசையில் இப்போது 120-க்குக் குறைவதில்லை. திரட்டத் தொடங்கிய நன்கொடையில் பெட்டிக்கும் ஒயருக்கும் போக மீந்ததைத் தேர்வுப் புத்தகங்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். கம்பெனி எழுதாத தேதியை நாமே ஒரு சீட்டில் எழுதி, புதுப் பெட்டியின் முதுகில் ஒட்டியிருக்கிறோம்: வாங்கிய நாள், ஜாக்கின் வேகம், அளந்த எண் மூன்றும் அதில் இருக்கின்றன.